பீங்கானில் ஒட்டிய தாள்: திரையில் கழிப்பறை வந்த வழி

செசில் பி. டெமில் இயக்கிய 'மேல் அண்ட் ஃபீமேல்' 1919இல் வெளிவந்தது. அதில் பணிப்பெண்கள் சூழ்ந்து நிற்க, தரையில் பதித்த தொட்டிக்குள் குளோரியா ஸ்வான்சன் இறங்குவார். அந்தக் காட்சியைப் பார்த்த அமெரிக்கர்களில் பலருக்கு வீட்டில் குழாய் வைத்த குளியலறை கிடையாது. இருபது ஆண்டுகள் கழித்து 1940இல் எடுத்த கணக்கெடுப்பிலேயே, அந்நாட்டு வீடுகளில் ஏறக்குறையப் பாதிக்கு முழுமையான குழாய் வசதி இல்லை. டெமிலுக்குக் குளியலறை என்பது செல்வத்தின் கண்காட்சி. 1932இல் 'தி சைன் ஆஃப் த கிராஸ்' படத்தில் ரோமப் பேரரசி பொப்பேயாவாக வந்த கிளாடெட் கோல்பர்ட்டைப் பால் நிரம்பிய குளத்தில் மிதக்கவிட்டவரும் அவரே.

இந்த ஆடம்பர அறைகளில் பளிங்கு, பூவேலை, திரைச்சீலை என எல்லாம் உண்டு. கழிப்பறைப் பீங்கான் மட்டும் இருக்காது. குளியலுக்கும் மலம் கழிப்பதற்கும் திரைப்படம் தொடக்கத்திலிருந்தே தனித்தனி வரலாறுகளைக் கொடுத்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து. இந்தியாவிலும் நிலைமை வேறல்ல. தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) படத்திலேயே நீராடும் காட்சி இருக்கிறது. நடிக்கப் பெண்கள் கிடைக்காததால் ஆண்கள் சேலை கட்டி நனைந்தார்கள். தாராமதியாக நடித்தவர் சாலுங்கே. அதற்குப் பிறகு நம் படங்களில் குளியல் குளத்துக்கும் ஆற்றுக்கும் அருவிக்கும் போனது. கழிப்பறைக்கு மட்டும் நெடுங்காலம் திரையில் இடமே இல்லை.

விதிவிலக்காகச் சொல்ல வேண்டியது கிங் விடோரின் 'தி கிரவுட்' (1928). நியூயார்க்கில் குமாஸ்தா வேலை பார்க்கும் ஒருவனின் நெருக்கடியான குடியிருப்பைக் காட்டும்போது, கதவுக்குப் பின்னே கழிப்பறையும் தெரிகிறது. பளிங்குத் தொட்டி பணக்காரர் கதைக்கு, பீங்கான் ஏழை கதைக்கு என்ற பிரிவினை அங்கே தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது தொடரவில்லை. 1930இல் எழுதப்பட்ட ஹாலிவுட் தணிக்கை விதித்தொகுப்பு 1934இலிருந்து ஜோசப் பிரீனின் மேற்பார்வையில் கறாராக நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்கப் படங்களில் மனிதர்கள் முகம் கழுவினார்கள், சவரம் செய்தார்கள், நுரை ததும்பக் குளித்தார்கள். அதற்கு மேல் அந்த அறையில் அவர்களுக்கு வேலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

தடை எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பதற்கு 1960 பிப்ரவரியில் நடந்த ஒரு சம்பவம் போதும். என்பிசி தொலைக்காட்சியின் இரவு நிகழ்ச்சியை நடத்திய ஜாக் பார், கழிப்பறையைக் குறிக்கும் 'டபிள்யூ.சி.' என்ற சுருக்கெழுத்தை ஒருவர் தேவாலயம் என்று நினைத்துக்கொள்ளும் ஒரு நகைச்சுவைக் கதையைச் சொன்னார். நிறுவனம் அதை வெட்டிவிட்டது. மறுநாள் அவர் நிகழ்ச்சியின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். இரண்டு எழுத்துகளைச் சொன்னதற்கே இந்தப் பாடு! அதே ஆண்டு ஜூனில் வெளியானது ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'.

அந்தப் படத்தின் ஷவர் கொலையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஏழு நாள் படப்பிடிப்பு, 78 கேமரா கோணங்கள், 52 வெட்டுகள், இரத்தத்துக்குப் பதிலாக சாக்லேட் சிரப். இத்தனைக்கும் தகுதியான காட்சிதான். ஆனால் வரலாற்றுத் திருப்பம் கத்திக்குச் சற்று முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. முதலாளியின் 40,000 டாலரைத் திருடி வந்து ஒரு விடுதியில் தங்கும் மேரியன், மனம் மாறி, பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்கிறாள். கார் வாங்கச் செலவான 700 டாலரைக் கழித்துக் கணக்குப் போடுகிறாள். தாளைக் கிழித்துப் பீங்கானில் போட்டுத் தண்ணீரைத் திறக்கிறாள். கேமரா கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல், துண்டுகள் சுழல்வதைக் காட்டுகிறது. திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபானோ இந்தக் காட்சி வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

இதை வெறும் அதிர்ச்சி மதிப்பு என்று ஒதுக்க முடியாது. பின்னால் மேரியனின் தங்கை லைலா அதே அறைக்கு வந்து தேடும்போது, ஒரு துண்டு போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 40,000 என்ற எண் அதில் தெரிகிறது. மேரியன் அங்கே வந்தாள் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தக் காட்சியை வெட்டினால் கதையின் முடிச்சே அவிழ்ந்துபோகும். தணிக்கையாளரின் கையைக் கட்டிப்போடும் எழுத்து இது. விடுதியை நடத்தும் நார்மன் அந்த அறையைச் சுற்றிக் காட்டும்போது குளியலறை என்று சொல்ல நாக்கு எழாமல் தடுமாற, மேரியன்தான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு நாடே சொல்லக் கூசியதை அவன் வாயிலும் வைத்தார்கள்.

கொலைக்குப் பிறகு வசனமே இல்லாமல் நீளும் காட்சிக்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை. நார்மன் கைகளைக் கழுவுகிறான். வாளியும் துடைப்பமும் கொண்டுவந்து தொட்டி, சுவர், தரை என ஒவ்வொன்றாகத் துடைக்கிறான். பொறுப்பான விடுதிக்காரனின் நிதானம் அதில் தெரிகிறது. நாமும் நம்மை அறியாமல் ஒரு சொட்டும் விடாமல் துடைத்துவிட வேண்டுமே என்று பதறுகிறோம். அந்த அறையில் நடந்ததை யார் கழுவுகிறார்கள் என்ற கேள்வி திரையில் இவ்வளவு விரிவாக வந்தது இங்கேதான்.

பின்வந்த இயக்குநர்கள் இந்தப் பாடத்தை நன்கு கற்றார்கள். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' (1974) படத்தில் ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஹாரி, விடுதி அறையில் கொலைத் தடயம் தேடுகிறான். ஷவர் திரைக்குப் பின்னால் ஒன்றுமில்லை, வடிகாலும் சுத்தம். கடைசியில் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்ததும் இரத்தம் பொங்கி விளிம்பைத் தாண்டித் தரையில் வழிகிறது. குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தின் சிவப்புச் சுவர்கள் கொண்ட கழிவறையில், கதாநாயகன் ஜாக்கின் கோட்டில் சிந்திய மதுவைத் துடைக்கும் பணியாளன் கிரேடி, துடைத்துக்கொண்டிருக்கும்போதே எஜமானனின் குரலுக்கு மாறிவிடுகிறான்.

தமிழில் இந்த வரலாறு வேறொரு முனையிலிருந்து தொடங்குகிறது. ராஜு முருகனின் 'ஜோக்கர்' (2016) படத்தில், கழிப்பறை உள்ள வீட்டுக்குத்தான் வாழ்க்கைப்படுவேன் என்கிறாள் மல்லிகா. அரசுத் திட்டத்தில் கட்டத் தொடங்கிய கழிப்பறை ஊழலால் பாதியில் நின்று, அவள் மீதே இடிந்து விழுகிறது. அங்கே அந்த அறை இரகசியத்தை மறைக்கும் இடமாக இல்லை. கிடைக்காமல் போன உரிமையாக நிற்கிறது.

அடுத்த ஆண்டு வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் இன்னும் ஒரு படி உள்ளே போனது. கையால் மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாகத் தடை செய்த பிறகும் அந்த வேலையைச் செய்கிறவர்களையும், சாதி அவர்களை அந்த வேலையிலேயே கட்டிப்போட்டிருப்பதையும் அது மறைக்காமல் காட்டுகிறது. மலம், வெறும் கை, அதன் பிறகு அவர்கள் சோறு தின்னும் கை என எல்லாவற்றையும் கேமரா பதிவு செய்கிறது. அதைத் திரையிடக் காவல்துறை தடை போட்டது, இயக்குநர் மீது வழக்கும் வந்தது.

விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023) டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த பொதுக் கழிப்பறைகளில் நடக்கிறது. துப்புரவாளர் ஹிராயாமாவாக நடித்த கோஜி யாகுஷோவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. பீங்கானின் அடிப்பக்கத்தைச் சிறு கண்ணாடி வைத்துப் பார்த்துத் துடைக்கும் அந்தக் கை நேர்த்தி மனத்தில் நிற்கிறது. உழைப்பை இவ்வளவு மரியாதையோடு காட்டிய படத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அவர் துடைக்கத் தொடங்கும் முன்பே அந்த அறைகள் அநேகமாகப் பளபளப்பாகவே இருக்கின்றன. 'கக்கூஸ்' பதிவு செய்த அழுக்கு ஹிராயாமாவின் கழிப்பறைகளில் கண்ணில் படுவதே அரிது.