உத்தமசோழப் பல்லவராயன் வீட்டு வாரிசுகள்

கொள்ளிடக் கரையில் இருக்கிறது திருமழபாடி. அங்குள்ள வைத்தியநாதர் கோயிலில் இரண்டாம் இராசராச சோழனின் 17ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. 1163ஐ ஒட்டிய காலம். கோயிலுக்கு அறக்கொடை விட்டவர் தம்மைப் பற்றி ஒன்றையும் விடவில்லை. மண்டலம், கோட்டம், ஊர், குடி, தகப்பன் பெயர், தன் பெயர், அரசன் கொடுத்த பட்டம் என்று வரிசையாகப் பொறிக்கச் சொல்லியிருக்கிறார். ஜயங்கொண்ட சோழ மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் ராமதேவனான உத்தமசோழப் பல்லவராயன்.

இந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுதான் தேடத் தொடங்கினேன். காரணம், குன்றத்தூர் எனக்குப் பக்கத்து ஊர். செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிடும் உபரி நீர் குன்றத்தூர்ப் பக்கமாகத்தான் போய் அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த வழியைச் சென்னையில் அறியாதவர் இல்லை. அந்தக் குன்றத்தூரில் பிறந்தவர்தான் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். அப்படியானால் திருமழபாடியில் கொடை கொடுத்தவர் அவரேதானா? இல்லையென்றால் யார்? அந்த வீட்டில் பின்னால் வந்தவர்கள் எங்கே போனார்கள்?

முதலில் ஒரு குப்பையைக் கூட்டித் தள்ள வேண்டியிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பழைய பெயரே புலியூர்க் கோட்டம் என்றும், அது 24 கிராமங்களில் ஒன்று என்றும் பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். கோட்டம் என்பது ஏரியும் அல்ல, கிராமமும் அல்ல; பல நாடுகளையும் அவற்றின் ஊர்களையும் அடக்கிய நிர்வாகப் பிரிவு. சோழர் ஜயங்கொண்ட சோழ மண்டலம் என்று பெயரிட்ட தொண்டை மண்டலத்தில் அப்படி 24 கோட்டங்கள் இருந்தன, அதில் ஒன்று புலியூர்க் கோட்டம். இதைச் சரியாகப் பிடிக்காவிட்டால் கல்வெட்டில் வரும் முகவரியை வாசிக்கவே முடியாது.

சேக்கிழாரைப் பற்றிய கதை நமக்குக் கிடைப்பது உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணத்திலிருந்து. இயற்பெயர் அருண்மொழித்தேவர். தம்பி பாலறாவாயர். அநபாய சோழன் அண்ணனை அழைத்து முதலமைச்சர் ஆக்கி, உத்தமசோழப் பல்லவராயன் என்று பட்டம் கொடுக்கிறான். அரசன் சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தபோது அமைச்சர் அடியார் வரலாற்றின் பக்கம் அவன் மனத்தைத் திருப்புகிறார். தில்லையில் இறைவன் முதல் சொல் எடுத்துக்கொடுக்கப் புராணம் பிறக்கிறது. ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் அடுத்த சித்திரைத் திருவாதிரையில் முடிகிறது. அரசன் நூலையும் புலவரையும் யானைமேல் ஏற்றி, தானும் பின்னால் ஏறிக் கவரி வீசுகிறான். தம்பிக்குத் தொண்டைமான் பட்டமும் பதவியும் கிடைக்கின்றன. அண்ணன் தில்லையிலேயே தங்கிவிடுகிறார்.

கதை அழகுதான். ஆனால் கால இடைவெளி கொஞ்சநஞ்சம் இல்லை. உமாபதி தம் சங்கற்ப நிராகரணத்தில் சக ஆண்டு 1235 என்று குறித்திருக்கிறார், அதாவது 1313. அநபாயன் என்று கல்வெட்டுகள் சொல்லும் இரண்டாம் குலோத்துங்கனின் ஆட்சி 1133 முதல் 1150 வரை. நடுவே நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல். கிட்டத்தட்ட ஆறு தலைமுறை கழித்து எழுதிய ஒரு பக்தரின் நூலை அப்படியே பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள எந்த ஆய்வாளனும் துணியமாட்டான்.

பெரியபுராணமோ தன்னைப் பாடியவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. அநபாயனைப் பல இடங்களில் பெயர் சொல்லிப் போற்றுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் மண் வாசனையை அவரால் மறைக்க முடியவில்லை. திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தைப் புரட்டுங்கள். காஞ்சியில் துணி வெளுத்த ஓர் அடியாரின் கதை அது. கதை என்னவோ சின்னது. புராணத்தின் பெரும்பகுதியைத் தொண்டை நாட்டு வருணனை எடுத்துக்கொண்டிருக்கிறது. திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார், சூதாடி வென்ற பணத்தில் அடியாருக்குச் சோறிட்ட திருவேற்காட்டு மூர்க்கர், மயிலாப்பூர் வாயிலார் எல்லாரும் குன்றத்தூர்க்காரருக்கு அக்கம்பக்கத்து மனிதர்கள். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையிலும் நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியிலும் ஓரிரு வரியில் வந்து போனவர்களை வீடு வாசலோடு காட்ட அவருக்குக் கைவந்தது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இனிக் கல்லுக்கு வருவோம். புராணம் சொல்லும் பட்டமும் திருமழபாடிப் பட்டமும் ஒன்றே. ஊர் ஒன்று, குடி ஒன்று. காலமும் ஒத்துவருகிறது: 1140களில் அமைச்சராக இருந்தவர் 1163இல் முதியவராக உயிரோடு இருந்திருக்கலாம். ஆகவே ராமதேவனே புலவர் என்று முடித்துவிட ஆசை வரும். பலர் முடித்தும் விட்டார்கள்.

பட்டத்தை நம்பி இறங்குகிறவருக்கு ஓர் எச்சரிக்கை மயிலாடுதுறைக்கு அருகே பல்லவராயன்பேட்டையில் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டும் ஜயங்கொண்ட சோழ மண்டலத்திலிருந்து வந்த ஒரு பல்லவராயனைப் பற்றியது. அவரும் இரண்டாம் இராசராசனிடம் உயர்பதவியில் இருந்தவர். மன்னன் மறைந்தபின் எதிரிலிப் பெருமாளை அரியணை ஏற்றியவர். அந்த எதிரிலிப் பெருமாள்தான் இரண்டாம் இராசாதிராசன். காலம் ஒன்று, மண்டலம் ஒன்று, பட்டம் ஒன்று. ஆனால் ஆள் வேறு: ஆமூர்க் கோட்டத்துக் காரிகைக் குளத்தூர், திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பி. இது போதாதென்று காஞ்சிபுரத்துக்கு அருகே ஆர்ப்பாக்கம் கல்வெட்டில் இன்னொரு பல்லவராயன். ஈழப்படையை எதிர்த்துப் போன தன் மகனான இந்தப் பல்லவராயனுக்காக எதிரிலிசோழ சம்புவராயன் ஒரு சிவாச்சாரியாரிடம் வேண்ட, அவர் 28 நாள் பூசை செய்ததாக அது சொல்கிறது. அந்த ஆச்சாரியார் பெயரும் உமாபதி! சேக்கிழார் புராணத்து உமாபதிக்கும் இவருக்கும் நூறாண்டுக்கு மேல் இடைவெளி. அவசரக்காரர் கையில் இந்தக் கல்வெட்டு கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பல்லவராயன் என்பது சோழ அரசு தன் அதிகாரிகளுக்குத் தாராளமாக வழங்கிய பட்டம். 'உத்தமசோழ' என்ற முன்னொட்டு சேர்ந்தால் வட்டம் சுருங்கும். ஆனாலும் அண்ணன் விட்ட பதவியைத் தம்பி ஏற்ற வீட்டில், பட்டமும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருக்கலாம். அருண்மொழித்தேவர் ஏன் ராமதேவன் ஆனார் என்பதற்கு யாரும் திருப்தியான விடை சொன்னதில்லை. சோழர் கல்வெட்டு மரபில் முன்னால் வருவது தகப்பன் பெயர். எனவே மாதேவடிகளின் மகன் ராமதேவன். புராணம் தந்தையின் பெயரைச் சொல்லியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

பட்டத்தை விட்டுவிட்டுக் குடியைப் பிடித்தேன். இந்த வழியைக் காட்டியவர் மா. இராசமாணிக்கனார். பெரியபுராண ஆராய்ச்சிக்காகச் சேக்கிழான் என்ற பெயர் வரும் கல்வெட்டுகளை அவர் ஒன்றுசேர்த்தார். அப்போதுதான் தெளிந்தது, சேக்கிழார் என்பது ஓர் ஆளின் பெயர் அல்ல, குடிப்பெயர். ஒருவரல்ல, பல சேக்கிழான்கள். சோழ நாட்டுக் கோயில்களிலும் கொடையாளிகளாக, அதிகாரிகளாக வருகிறார்கள். அவர்களில் என் கண் நிலைகுத்தி நின்ற பெயர் மூன்றாம் இராசராசன் காலத்தது: சேக்கிழான் பாலறாவாயன் களப்பாளராயன்.

பாலறாவாயன்! புராணம் சொல்லும் தம்பியின் பெயர், ஏறத்தாழ நூறாண்டு கழித்து அதே குடிப்பெயரோடு. ஞானசம்பந்தரைக் குறிக்கும் பெயர் என்பதால் எந்தச் சைவ வீட்டிலும் வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது தெருவுக்கு நாலு பேர் வைத்துக்கொள்கிற பெயர் அல்ல. தாத்தன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இன்றுவரை நம் வீடுகளில் இருக்கிறது. உமாபதி நூலில் வரும் தம்பி வெறும் கற்பனைப் பாத்திரம் அல்ல என்பதற்கு என் பார்வையில் திருமழபாடிக் கல்வெட்டைவிட இதுவே வலுவான சான்று.

ஜெர்மனியின் இடைக்காலப் பிரபு வீடுகளை ஆராய்கிறவர்களும் இதே உத்தியைத்தான் கையாள்கிறார்கள். நிலைத்த குடும்பப்பெயர் வழக்கத்துக்கு வராத நூற்றாண்டுகளில், ஒரே சில பெயர்கள் எந்த வீட்டில் தலைமுறை தாண்டித் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்த்து வமிசத்தைக் கோக்கிறார்கள். அங்கும் புலவர்கள் நிலை மேலானதல்ல. வால்தர் ஃபான் டெர் ஃபோகல்வைடெ அந்நாட்டு இடைக்காலக் கவிஞர்களில் முதல்வரிசைக்காரர். அவர் வாழ்ந்த காலத்து ஆவணம் என்று மிஞ்சியது ஒரே ஒரு கணக்குக் குறிப்பு: பாசாவ் ஆயர் வோல்ஃப்கரின் பயணச் செலவேட்டில், 1203 நவம்பர் 12 அன்று பாடகர் வால்தருக்கு உரோம மேலங்கி வாங்கப் பணம் கொடுத்ததாக ஒரு வரி. நமக்குக் கோயில் கொடை, அவர்களுக்குக் கோட்டுச் செலவு.

பதின்மூன்றாம் நூற்றாண்டோடு சோழ அரசு சாய்கிறது. சேக்கிழான்களின் தடமும் அங்கே மங்குகிறது. அடுத்த பெரிய ஆவணக் குவியல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தது. செங்கல்பட்டு ஜாகீர் கம்பெனி கைக்கு வந்தபின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள். வீடு, நிலம், ஏரி, குளம், யார் யாருக்கு எவ்வளவு மானியம் என்ற விவரம். ஊர்க்கணக்குகள் தமிழிலும் ஓலையில் எழுதப்பட்டன. அந்த ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1818இல் கம்பெனி அதிகாரி எல்லிஸ் வெளியிட்ட மிராசு உரிமை நூலும் தொண்டை மண்டல வேளாளரின் காணி மரபை ஆழமாகப் பேசுகிறது. ஆனால் களப்பாளராயனுக்கும் பர்னார்டுக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டு. சம்புவராயர், விசயநகரம், செஞ்சி நாயக்கர், கோல்கொண்டா, முகலாயர், ஆர்க்காட்டு நவாபு என்று கைமாறிய நாட்டில், ஒரு குடும்பம் அதே காணியில் தொடர்ந்து இருந்தது என்று சொல்ல ஓலை வேண்டும். வாய்வழக்கு போதாது.

இந்த வட்டாரத்துத் தொண்டை மண்டல வேளாளர் வீடுகளில் "நாங்க சேக்கிழார் வம்சம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்களிடம் பொய்யில்லை. குன்றத்தூர் நாகேசுவரர் கோயிலைச் சேக்கிழார்தான் கட்டினார், சோழ நாட்டுத் திருநாகேச்சரத்தின்மேல் கொண்ட பற்றால் அதே பெயரிட்டார் என்பதும், வைகாசிப் பூசத்துக் குருபூசையும் அந்த வீடுகளில் வாழும் நினைவுகள். ஆனால் நினைவு வேறு, பத்திரம் வேறு.

என் தீர்ப்பு இதுதான். திருமழபாடி ராமதேவன் சேக்கிழார் வீட்டுக்காரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரே புலவர் என்பதை ஏற்கமாட்டேன். பாலறாவாயன் பெயர் வழியாக அந்த வீடு மூன்றாம் இராசராசன் காலம்வரை செல்வாக்கோடு இருந்தது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு இன்றைய எந்தக் குடும்பத்தையும் அதனோடு முடிச்சுப் போடுவதற்கு ஆவணம் இல்லை.

திருமழபாடிக்கே திரும்பினால் ஒரு செய்தி. முதலாம் இராசராசன் அந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை மறுபடி கல்லில் ஏறின. ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்த அந்த அக்கறை இன்றைய திருப்பணிகளில் எல்லா இடத்திலும் இல்லை. மணல் வீசிச் சுத்தம் செய்தும் சிமெண்ட் பூசியும் எழுத்துகளை அழித்த கோயில்கள் பல. பூவிருந்தவல்லி, குன்றத்தூர், செம்பரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கப்போகிறதா? சுவரில் கை வைக்குமுன் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள், படியெடுத்துவிடுவார்கள். பரணில் ஓலைக்கட்டோ பழைய கிரயப் பத்திரமோ கிடந்தால் பழைய காகிதக்காரரிடம் போடாதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.