குளிரே இல்லாத ஊரில் குளிர்க்கணக்கு

ஆட்டையாம்பட்டியில் ஒருவரைப் பிடித்து, "வீட்டைச் சூடாக்க மாதம் எவ்வளவு கரண்ட் ஆகும்?" என்று கேட்டால், முறுக்கைக் கையில் கொடுத்து நிழலில் உட்காரச் சொல்வார். மார்கழியிலும் இங்கே நாள் சராசரி 24 டிகிரியை ஒட்டித்தான். ஆனாலும் அந்தக் கணக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது, கோழிக்குஞ்சுகளைச் சாக்கிட்டு.

கணக்கின் பெயர் டிகிரி-நாள். 1735-இல் பிரான்சில் ரெயோமூர் என்ற விஞ்ஞானி தினசரி வெப்பநிலையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தது, பயிர் விளைய எவ்வளவு வெப்பம் சேர வேண்டும் என்பதற்காக. 1878-இல் அதற்கு ஒழுங்கான சூத்திரம் எழுதியவர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி, இந்தியாவில் கால்வாயும் பொதுப்பணியும் பார்த்துப் பழுத்த ராணுவப் பொறியாளர். அடிமட்டம் 42 ஃபாரன்ஹீட். அதற்கு மேல் எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று சேர்த்தார். அதே ஆண்டில்தான் பஞ்சக் கமிஷனுக்கும் தலைவரானார். அந்தப் பஞ்சம் வேறெதுவுமல்ல, சேலம் ஜில்லாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம்!

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க எரிவாயுக் கம்பெனிகள் இந்தக் கூட்டலைத் தலைகீழாகப் போட்டன. வெளியே 65 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் எரிவாயுச் செலவு ஏறியது. 65-க்கும் அறையின் இதமான சூட்டுக்கும் இடையிலுள்ள மீதியை ஆட்களும் அடுப்பும் விளக்கும் தந்துவிடும். பிரிட்டன் தனக்கு 60 என்று வைத்துக்கொண்டது. மற்ற நாடுகள் ஆளுக்கொரு எண்ணை எடுத்துக்கொண்டன.

வீட்டை இறுக மூடினால் செலவு குறையும்தான். ஆனால் 1858-லேயே மியூனிக்கின் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர் எச்சரித்திருந்தார்: அறைக்காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆக, காற்றை மாற்றியே தீர வேண்டும். மாற்றிய காற்றைச் சூடாக்கவும் வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்ற 0.33 வாட்-மணி.

இப்போது நாமக்கல் பக்கத்துக் குஞ்சுக் கொட்டகைக்கு வாருங்கள். முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 34 டிகிரி செல்சியஸ் வேண்டும். இங்கே அடிமட்டமே அதுதான். 30 அடிக்கு 20, உயரம் 10 என்றால் 170 கன மீட்டர். மணிக்கு ஒருமுறை காற்று மாறி, வெளியே 24 டிகிரி இருந்தால், 0.33 × 170 × 10 × 24: நாளுக்குப் பதிமூன்றரை யூனிட். சுவர், கூரை வழியே போவது தனி. இதை மிச்சம் பிடிக்கப் படுதாவை முழுக்க இறக்கினால் அம்மோனியா கண்ணைக் கரிக்கும், ஈரம் தேங்கும், குஞ்சு சுணங்கும். அது நஷ்ட வியாபாரம்.

அடுத்த பேட்ச் இறக்கும் முன் கொட்டகையை டேப் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள், மிச்சமெல்லாம் பெருக்கல்தான்.