வீட்டில் செய்யும் மின்னணுச் சோதனைக் கருவிகள்

மின்சுற்றுகளையும் அவற்றின் உறுப்புகளையும் சோதித்துப் பார்க்க மாணவர்களும், பழுது பார்ப்பவர்களும், மின்னணுவியலில் ஆர்வம் கொண்டவர்களும் தாமே கட்டிக்கொள்ளும் எளிய சுற்றுகள் இவை. அறுந்த கம்பியைப் பஸ்ஸர் ஒலியால் காட்டிக்கொடுக்கும் சுற்று முதல், மூன்று கால் உள்ள உறுப்பு எது என்று திரையில் படம் வரைந்து சொல்லும் மைக்ரோகன்ட்ரோலர் கருவி வரை இவ்வகையில் அடங்கும். டிஜிட்டல் மல்டிமீட்டர் மலிவாகிவிட்ட இந்நாளில் காசை மிச்சம் பிடிக்க யாரும் இவற்றைச் செய்வதில்லை. மல்டிமீட்டருக்கு எட்டாத சிலவற்றை அளக்கவும், அளவீடு எப்படி நிகழ்கிறது என்று கைப்படத் தெரிந்துகொள்ளவுமே செய்கிறார்கள்.

அளப்பது என்றால் ஒப்பிடுவது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் மதிப்பு தெரிந்த ஒன்று இருக்கும்: ஒரு மின்தடை, ஒரு மின்னழுத்தம் அல்லது ஒரு கால அளவு. இதை ஒளிவுமறைவின்றிக் காட்டுவது வீட்ஸ்டோன் சமனச்சுற்று. சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி 1833இல் விவரித்த இச்சுற்றை 1843இல் பரவலாக அறியச் செய்தவர் சார்லஸ் வீட்ஸ்டோன். பெயரும் அவருக்கே போய்விட்டது. நான்கு தடைகளின் நடுவே உள்ள மீட்டரின் முள் சுழியில் நிற்கும்போது, தெரியாத தடையின் மதிப்பு மற்ற மூன்றின் விகிதத்திலிருந்து கிடைக்கும். பேட்டரி சற்றுத் தளர்ந்திருந்தாலும் விடை மாறாது. பள்ளி ஆய்வகத்து மீட்டர் சமனச்சுற்றும் இதுதான். ஒரு மீட்டர் நீளக் கம்பிக்குப் பதில் பொட்டன்ஷியோமீட்டர் ஒன்றை வைத்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

தொடர்ச்சிச் சோதனை

பலரும் முதலில் செய்வது கன்டினியூட்டி டெஸ்டர். 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் தடை, சிவப்பு எல்.இ.டி., இரண்டு முனைக்கம்பிகள் போதும். முனைகள் தொட்டால் சுமார் 7 மில்லி ஆம்பியர் ஓடி விளக்கு எரியும். ஆனால் இடையில் 470 ஓம் தடை இருந்தாலும் கிட்டத்தட்ட 5 மில்லி ஆம்பியர் ஓடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பலகையில் உள்ள டயோடு வழியாகவும் மின்னோட்டம் பாய்ந்து, இல்லாத இணைப்பை இருப்பதாகக் காட்டும்.

இதற்கு மாற்று, சோதனை முனைகளின் மின்னழுத்தத்தை சிலிக்கான் டயோடு கடத்தத் தொடங்கும் அளவுக்குக் கீழே வைப்பது. 5 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம் தடை வழியாக மின்னோட்டம் கொடுத்து, முனைகளுக்குக் குறுக்கே 220 ஓம் தடையை இணைத்தால், திறந்த நிலையில் முனைகளிடையே ஏறத்தாழ 0.22 வோல்ட் மட்டுமே இருக்கும். அப்போது 10 ஓம் தடையைத் தொட்டால் சுமார் 10 மில்லி வோல்ட் தோன்றும். இதை எல்.எம்.393 என்னும் ஒப்பீட்டு ஐ.சி. பார்த்து பஸ்ஸரை இயக்கும். அந்த ஐ.சி.யின் உள்ளீட்டுப் பிழையே 5 மில்லி வோல்ட் வரை போகலாம். எனவே ‘10 ஓமுக்குக் கீழே ஒலிக்கும்’ என்று வரைபடத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. தெரிந்த தடைகளைத் தொட்டுப் பார்த்து, ஒப்பீட்டு எல்லையை அமைக்கும் டிரிம்மரைத் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

மீட்டரின் சுமை

1 மில்லி ஆம்பியரில் முழு விலக்கம் காட்டும், 100 ஓம் சுருள் கொண்ட முள் மீட்டர் ஒன்று கையில் இருந்தால், தொடராக 9.9 கிலோ ஓம் தடை சேர்த்து 10 வோல்ட் வோல்ட்மீட்டர் ஆக்கலாம், இணையாக 0.1 ஓம் சேர்த்தால் ஏறக்குறைய 1 ஆம்பியர் அம்மீட்டர். பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கடியின் எண்ணத்தில் உருவாகி 1923இல் சந்தைக்கு வந்த அவோமீட்டரும் இப்படித் தடைகளை மாற்றி மாற்றி இணைத்தே ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளந்தது.

இங்கே ஒரு பொறி உண்டு. 10 வோல்ட் மூலத்தின் குறுக்கே இரண்டு 100 கிலோ ஓம் தடைகள் தொடராக இருந்தால், நடுப்புள்ளியில் 5 வோல்ட் இருக்கும். மேலே சொன்ன வோல்ட்மீட்டரை அங்கே வைத்தால் முள் காட்டுவது சுமார் 0.83 வோல்ட்! மீட்டரின் 10 கிலோ ஓம் அந்தச் சுற்றின் பகுதியாகிப் புள்ளியின் அழுத்தத்தையே இழுத்துவிட்டது. வோல்ட்டுக்கு 20,000 ஓம் கொண்ட அவோ 8, தன் 10 வோல்ட் வரம்பில் 4 வோல்ட் காட்டும். 10 மெகா ஓம் டிஜிட்டல் மீட்டர் காட்டுவது 4.98 வோல்ட். பொய் சொல்லும் மீட்டர் எதுவும் இல்லை இங்கே. மூன்றும் தாம் தொட்ட பிறகு இருந்த அழுத்தத்தைச் சரியாகவே காட்டின.

மில்லி ஓம் அளவி

இந்த வரிசையில் மிகப் பயனுள்ளது எது என்றால், மில்லி ஓம் அளவிதான். ரிலே தொடுமுனை, மோட்டார் சுருள், அச்சுப் பலகையின் தடம் ஆகியவற்றின் தடையைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது; அதன் முனைக்கம்பிகளுக்கே ஓமில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தடை உண்டு. எல்.எம்.317 ஐ.சி.யின் வெளியீட்டுக் காலுக்கும் சரிப்படுத்தும் காலுக்கும் இடையே 1.25 வோல்ட் நிலையாக இருக்கும். அங்கே 12.5 ஓம் வைத்தால் 100 மில்லி ஆம்பியர் நிலை மின்னோட்டம் கிடைக்கும். அதை இரண்டு கம்பிகளால் செலுத்தி, உறுப்பின் கால்களிலேயே தனியாக வேறு இரண்டு கம்பிகளை வைத்து மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். மின்னோட்டம் ஓடும் கம்பிகளின் தடை கணக்கில் வராது. இதற்குக் கெல்வின் இணைப்பு என்று பெயர். 200 மில்லி வோல்ட் வரம்பின் கடைசி இலக்கம் 0.1 மில்லி வோல்ட் என்றால் அது 1 மில்லி ஓமைக் குறிக்கும். அந்த 1.25 என்பது உண்மையில் 1.2க்கும் 1.3க்கும் இடையே ஐ.சி.க்கு ஐ.சி. மாறும் என்பதால் மின்னோட்டத்தை அளந்து சரியாக 100இல் நிறுத்துவது கட்டாயம். முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றையும் போட்டால், கம்பி விலகும்போது மீட்டருக்கு 1 வோல்ட்டுக்கு மேல் போகாது.

காலத்தால் அளத்தல்

மின்தேக்கியை அளக்க எளிய வழி கடிகாரம். சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக ஹான்ஸ் கமென்சின்ட் 1971இல் வடிவமைத்து, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த 555 ஐ.சி., ஒற்றைத் துடிப்பு முறையில் 1.1 பெருக்கல் தடை பெருக்கல் தேக்குதிறன் என்ற கால அளவுக்கு வெளியீட்டை உயர்த்தி வைக்கும். 1 மெகா ஓமும் 1 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் 1.1 நொடி. மின்தேக்கி நிரம்பும் வேகம், ஒப்பிடும் எல்லை இரண்டுமே வழங்கு மின்னழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், பேட்டரி தளர்ந்தாலும் நேரம் மாறுவதில்லை. சில பைக்கோஃபாரடுகளை அளக்க முனைந்தால் பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே உள்ள தேக்குதிறனே குறுக்கே வரும். அத்தகைய சுற்றை வெரோபோர்டில் சால்டர் செய்துவிடுவது நல்லது.

இவ்வேலைகளை ஒரே சிப்பிடம் ஒப்படைத்தவர் ஜெர்மனியின் மார்க்குஸ் ஃப்ரேயக். 2009இல் அவர் வெளியிட்ட டிரான்சிஸ்டர் டெஸ்டரில் மூன்று முனைகள். ஒவ்வொன்றுக்கும் 680 ஓம், 470 கிலோ ஓம் என இரண்டு தடைகள். முனைகளை மாற்றி மாற்றி உயர்த்தியும் தாழ்த்தியும் மின்னழுத்தங்களைப் படித்து, உறுப்பு எது, எந்தக் கால் பேஸ், எது கலெக்டர் என்று ஏடிமெகா8 மைக்ரோகன்ட்ரோலர் முடிவு செய்யும். கார்ல்-ஹைன்ட்ஸ் கூபலர் இதை மேலும் வளர்த்தெடுத்தார். ஆன்லைனிலும் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சோதனைப் பலகைகளில் பல இந்த வழி வந்தவை. மின்தேக்கியின் மின்னூட்டத்தை வெளியேற்றாமல் இவற்றில் செருகினால் சிப் எரிந்துபோகலாம். இந்தியாவில் இதே திறந்த வடிவமைப்பு மனப்பான்மையில் உருவானது, புதுதில்லி இண்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் எக்ஸ்ப்ஐஸ்: கணினியோடு இணைந்து அலைக்காட்டியாகவும் அலை இயற்றியாகவும் வேலை செய்து, கல்லூரி இயற்பியல் சோதனைகளுக்கு உதவும் சிறு பெட்டி.

அளவுத்திருத்தம்

கருவியைக் கட்டுவது பாதி வேலைதான். அதற்குள் இருக்கும் ‘தெரிந்த ஒன்று’ எவ்வளவு தெரிந்தது என்பதே துல்லியத்தின் எல்லை. தடைக்கு 0.1 விழுக்காட்டு மெட்டல் ஃபிலிம் தடைகளும், மின்னழுத்தத்துக்கு 2.495 வோல்ட் தரும் டி.எல்.431ம் எளிதில் கிடைக்கும். 1 விழுக்காட்டுத் தடைகள் பத்தை இணைத்துச் சராசரியால் பிழையைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரே தொகுதியில் வந்தவை ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் என்பதால் அது அவ்வளவாகப் பலிக்காது. காலத்துக்குப் படிகம் இருக்க, கவலை குறைவு. ஆனால் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையின் முதன்மைச் சிப்புக்கு இருப்பது செராமிக் ஒத்ததிர்வி; அது அரை விழுக்காடு வரை விலகலாம். அதிர்வெண் அளவி செய்ய நினைப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை அனைத்தும் பேட்டரியிலோ தாழ் மின்னழுத்தத்திலோ இயங்கும் சுற்றுகளுக்கானவை. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட், உச்சத்தில் 325 வோல்ட்டை எட்டும்; கால் வாட் தடைகளில் பல 250 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக உத்தரவாதம் இல்லாதவை. அலைக்காட்டியின் தரைக் கிளிப் நில இணைப்போடு சேர்ந்தது. மின் இணைப்பின் கட்டக் கம்பியில் அதைக் கவ்வினால் நேரடிக் குறுக்குச்சுற்று. வீட்டு மின்சாரத்தை அளக்க வேண்டியிருந்தால், ஐ.இ.சி. 61010 தரநிலைக்கு ஏற்பப் பாதுகாப்பு வகை அச்சிட்ட மீட்டரை வாங்குங்கள். அந்த ஒன்றை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள்.