24 நாள் விசாரணை: முந்த்ரா விவகாரம்

ஊழல் பற்றி எப்போது பேசினாலும் நேயர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "சட்டம் பத்தலையா, இல்ல தண்டனை பத்தலையா?" இன்னைக்கு இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆன சமயம். நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு வெடித்து இரண்டே மாதத்தில் மத்திய நிதியமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். அவர் நம்ம மெட்ராஸ்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. டி.டி.கே. என்றால்தான் பலருக்கும் தெரியும்.

முதலில் பணம் யாருடையது என்று பார்த்துவிடுவோம். 1956 செப்டம்பர் 1-ம் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. 245 தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநலச் சங்கங்களையும் ஒன்றாக இணைத்து அரசு உருவாக்கிய நிறுவனம் அது. ஏன் அரசுடைமை ஆக்கினார்கள்? பாலிசிதாரர் கட்டும் பணத்தை முதலாளிகள் சொந்தக் காரியத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்ற புகார்தான் முக்கியமான காரணம். அதை நாடாளுமன்றத்தில் உடைத்துப் பேசியவர் பெரோஸ் காந்தி, ரேபரேலி காங்கிரஸ் எம்.பி. பிரதமர் நேருவின் மருமகன்.

எல்.ஐ.சி.க்கு ஒரு வயசுகூட முடியவில்லை. 1957 ஜூன் கடைசியில் ஆறு கம்பெனிகளின் பங்குகளை அது மொத்தமாக வாங்கியது. விலை 1 கோடியே 26 லட்சத்து 86 ஆயிரத்து 100 ரூபாய். ஆறுமே ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபருடன் சம்பந்தப்பட்ட கம்பெனிகள். அப்போது அவர் கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தார். எல்.ஐ.சி.யில் முதலீட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. பங்கு வாங்கும் முன் அந்தக் குழுவிடம் கேட்கவில்லை. கொடுத்தது சாதாரண ஜனங்களின் பணம். மாதச் சம்பளத்திலிருந்து எடுத்து பிரீமியம் கட்டியவர்களின் பணம்.

1957 டிசம்பர் 16 அன்று மக்களவையில் பெரோஸ் காந்தி எழுந்தார். ஆளுங்கட்சிக்காரர், ஆளுங்கட்சி அமைச்சரைப் பார்த்து, கையில் விவரங்களோடு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். மறுநாள் பத்திரிகைகள் அதைத் தைரியமாக அச்சடித்தன. அதற்கும் ஒரு பின்கதை இருக்கு. சபைக்குள் எம்.பி. என்ன பேசினாலும் அவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அந்தப் பேச்சைப் பிரசுரிக்கும் பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த ஓட்டையை அடைக்க பெரோஸ் காந்தியே தனிநபர் மசோதா கொண்டுவந்து, 1956-ல் அதைச் சட்டமாகவும் ஆக்கியிருந்தார். (அதே சட்டத்தை நெருக்கடி நிலைக் காலத்தில் நீக்கியது அவருடைய மனைவி இந்திராவின் அரசு. 1977-ல் ஜனதா வந்துதான் திரும்பக் கொண்டுவந்தது.)

நேருவுக்குத் தர்மசங்கடம். ஒரு பக்கம் மருமகன், இன்னொரு பக்கம் தன் நம்பிக்கைக்குரிய அமைச்சர். விசாரணைக்குச் சம்மதித்தார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருநபர் ஆணையமாக நியமிக்கப்பட்டார்.

சாக்ளா செய்த முதல் காரியம், கதவைத் திறந்து வைத்தது. விசாரணை முழுக்கப் பகிரங்கம். கூட்டம் உள்ளே கொள்ளவில்லை. வெளியே நின்றவர்களும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கி கட்டினார்கள். கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. நிதியமைச்சர், நிதித்துறைச் செயலர் எச்.எம். படேல், ரிசர்வ் வங்கி ஆளுநர் எச்.வி.ஆர். ஐயங்கார், ஸ்டேட் வங்கித் தலைவர், எல்.ஐ.சி. அதிகாரிகள், முந்த்ரா. சாதாரணமாக ஜனங்கள் கிட்டேகூட நெருங்க முடியாத ஆட்கள். ஒவ்வொருவராக வந்து, "யார் சொல்லி இந்தப் பணம் போச்சு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். தெருவில் நிற்கிறவனுக்கும் அது கேட்கிறது.

கல்கத்தா பங்குச்சந்தை சரியும் நிலையில் இருந்தது, அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் வாங்கினோம் என்பது அதிகாரிகள் தரப்பு வாதம். சாக்ளா அதை ஏற்கவில்லை. சந்தையைத் தாங்குவதுதான் நோக்கம் என்றால் ஒரே ஆளின் பங்குகளை மட்டும் ஏன் வாங்க வேண்டும்? அமைச்சருக்குத் தெரிந்தேதான் நடந்தது என்றார் படேல். நான் ஒப்புதல் தரவில்லை என்றார் டி.டி.கே. இந்த மாதிரி "நீயா நானா" வந்துவிட்டால் நம்ம ஊர் விசாரணைகள் அங்கேயே உட்கார்ந்துவிடும். சாக்ளா உட்காரவில்லை. செயலர் செய்த காரியத்துக்கு அமைச்சர்தான் நாடாளுமன்றத்திடம் பொறுப்பு, எனக்குத் தெரியாது என்று சொல்லி ஒதுங்க முடியாது என்று எழுதினார்.

எல்லாம் 24 நாளில் முடிந்தது. 1958 பிப்ரவரி 10-ல் அறிக்கை. அதே மாதம் டி.டி.கே. ராஜினாமா. முந்தைய ஆண்டுதான் பணக்காரர்கள் மேல் சொத்து வரி போட்டவர் அவர். அந்த வருஷ பட்ஜெட்டை நேருவே வாசிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் டி.டி.கே.யின் பங்கு இதில் சொற்பம்தான் என்பதே நேருவின் எண்ணம்.

வேகம் ஏன் முக்கியம்? சாட்சிகள் எல்லாரும் இன்னும் நாற்காலியில் இருந்தார்கள். கோப்புகள் மேஜை மேலேயே இருந்தன. "ஞாபகம் இல்லை" என்று சொல்ல யாருக்கும் வசதியில்லை. இதில் குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். ஒலிபெருக்கி வைத்து விசாரித்தால் அது வேடிக்கையாகிவிடாதா, தீர்ப்புக்கு முன்னாலேயே மனுஷன் பெயர் கெட்டுவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பொதுப் பணம் என்று வரும்போது நான் ஒலிபெருக்கி பக்கம்தான்.

சரி, தண்டனை? இங்கேதான் கதை கொஞ்சம் கசக்கிறது. ஆணையத்தால் உண்மையைச் சொல்ல முடியும், ஜெயிலில் போட முடியாது. அதிகாரிகளின் நடத்தையை விவியன் போஸ் தலைமையில் இன்னொரு குழு விசாரித்தது. படேல் அரசுப் பணியை விட்டுப் போனார். பிறகு அரசியலுக்கு வந்து 1977-ல் மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் நிதியமைச்சரே ஆனார். டி.டி.கே. 1962-ல் அமைச்சராகத் திரும்பினார், அடுத்த ஆண்டு அதே நிதித்துறை. 1965 கடைசியில் வேறு குற்றச்சாட்டுகள் எழுந்து மறுபடியும் ராஜினாமா. பெரோஸ் காந்தி 1960-லேயே இறந்துவிட்டார்.

இந்த அனுபவத்தை ஒரு நிரந்தர ஏற்பாடாக்க முயன்றவரும் தமிழர்தான்: கே. சந்தானம். அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர், பத்திரிகையாளர். 1962-ல் லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது ஊழல் தடுப்புக் குழுவை அவர் தலைமையில் அமைத்தார். அரசு ஊழியர்களைப் பற்றி ஆராயச் சொன்ன குழு அது. ஆனால் சந்தானம் அமைச்சர்களையும் விடவில்லை. பதவியை வைத்துச் சில அமைச்சர்கள் சொத்து சேர்த்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் நம்புவதை அறிக்கையிலேயே எழுதினார். பத்து உறுப்பினர்கள் எழுத்தில் புகார் கொடுத்தால் அமைச்சர் மேல் விசாரணை நடக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். புகாரை விசாரிக்கலாமா என்று பிரதமர் யோசித்துக்கொண்டிருக்க இடமில்லாத ஏற்பாடு அது.

அரசு என்ன செய்தது? 1964-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தை அமைத்தது. ஆனால் அது அதிகாரிகளைக் கண்காணிக்க. அமைச்சர்களுக்குக் கிடைத்தது ஒரு நடத்தை விதித் தொகுப்பு. பத்துப் பேர் புகார் யோசனை அப்படியே கிடப்பில் போனது. அமைச்சர்களையும் விசாரிக்கும் லோக்பால் மசோதா முதன்முதலில் 1968-ல் வந்தது. நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2013-ல். முதல் தலைவர் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில். சாக்ளாவுக்குத் தேவைப்பட்டது 24 நாள். லோக்பாலில் ஒருவர் வந்து உட்காரவே 51 வருஷம்.

இந்த 51 வருஷத்தில் எத்தனை முறை மசோதா வந்தது, யார் யார் அதைக் கிடப்பில் போட்டார்கள் என்பது தனிக் கதை. அடுத்த எபிசோடில் அதை எடுத்துக்கலாம்.