கண்டி இராசதானியும் பிலிமத்தலாவையும்

கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் பெருவழியில் பிலிமத்தலாவை என்னும் ஊர் அமைந்துள்ளது. அதனருகே நிமிர்ந்து நிற்பது கடலாதெனிய விகாரை. கம்பளை இராசதானியாக விளங்கிய காலத்தில், 1344ஆம் ஆண்டில், நான்காம் புவனேகபாகு மன்னன் ஆட்சியில் எழுந்த இப்பௌத்த ஆலயத்தின் தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி என்னும் தென்னிந்தியராவார்.

தென்னாட்டுத் தொடர்பு கண்டி அரியணையையும் எட்டியது. 1739 முதல் மதுரை நாயக்கர் வழிவந்த நால்வர் அங்கு முடிசூடினர். அவருள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா மரபை மீண்டும் நிலைநாட்டினான்.

1798இல் ராஜாதி ராஜசிங்கன் மகப்பேறின்றி மறைந்தான். அப்போது பிலிமத்தலாவை என்னும் பெயர் தாங்கிய மகா அதிகார், கண்ணுசாமி என்னும் இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக அரியணை ஏற்றினான். இளைஞன் தன் சொற்படி நடப்பான் என்பதே அவன் கணக்கு. கணக்குப் பிழைத்தது. ஆங்கில ஆளுநர் நோர்த்துடன் மறைவில் பேசிய அவ்வமைச்சன், ஈற்றில் அரசனாலேயே சிரச்சேதம் செய்யப்பட்டான்.

1803இல் கண்டியுட் புகுந்த ஆங்கிலப் படை அழிவுற்றது. ஆயினும், படையால் வீழாத நகரம் பகையால் வீழ்ந்தது. 1815 மார்ச் 2ஆம் நாள், அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில், பிரதானிகள் நாட்டை ஆங்கிலேயருக்கு ஒப்புவித்தனர். வேலூருக்கு அனுப்பப்பட்ட இறுதி மன்னன் 1832இல் அங்கேயே மாண்டான்.

மண்டபமோ இன்றும் நிற்கிறது. மலையரண் காத்த நாட்டை மன ஒற்றுமை காக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.