சதைக்குள் முளைத்த எலும்பு

நம்ம கை, கால் எலும்புகள் முதலில் எலும்பாகவே இல்லை, தெரியுமா? தாயின் வயிற்றில் அவை குருத்தெலும்பாக இருந்தன. மூக்கு நுனியைத் தொட்டா வளையுதே, அந்த மாதிரி. பிறகுதான் அந்த இடத்தை எலும்பு பிடித்தது. இதற்கு உத்தரவு போடுவது யார் என்று தேடிய கதையைத்தான் இன்னைக்கு சொல்லப்போறேன்.

1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். எலும்பை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்து, வளையும் துண்டு ஒன்று மிஞ்சும். அதை முயலின் தசைக்குள் வைத்தார். சில வாரங்களில் தசைக்குள்ளேயே புது எலும்பு முளைத்தது. எலும்பே இல்லாத இடத்தில்!

அடுத்து ஹரி ரெட்டியும் சார்லஸ் ஹக்கின்ஸும் எலிகளில் இதை நாள் கணக்கு வைத்துப் பார்த்தார்கள். முதலில் குருத்தெலும்பு, பிறகு ரத்தக் குழாய்கள், எலும்பு, கடைசியில் மஜ்ஜை. கருவில் நடக்கும் அதே வரிசை. அப்படின்னா, கருவில் ஓடிய அந்தத் திட்டம் வளர்ந்த உடலிலும் அழியவில்லை. தட்டி எழுப்ப ஆள் இருந்தால் போதும்.

எழுப்புவது ஒரு புரதம் என்று யூரிஸ்ட் நம்பினார். 1971-ல் அதற்கு பிஎம்பி என்ற பெயரும் வந்தது. ஆனால் எலும்பில் அது இருப்பதோ மிகச் சொற்பம். 1988-ல்தான் ஜான் வோஸ்னியின் குழு அதன் மரபணுக்களைப் பிரித்தெடுத்தது. பார்த்தால், அது ஒரு புரதம் இல்லை, ஒரு குடும்பமே!

அதன் சேதி கிடைத்ததும் செல்லுக்குள் மரபணுக்கள் முறைவைத்து வேலை செய்கின்றன. சாக்ஸ்-9 இயங்கும்போது செல் குருத்தெலும்புச் செல்லாகி, 2-ஆம் வகைக் கொலாஜனைச் சுரக்கும். பிறகு ஊதிப் பெருத்து 10-ஆம் வகைக்கு மாறும். ரன்க்ஸ்-2 இருந்தால்தான் எலும்புச் செல்கள் உருவாகும். 1997-ல் சுண்டெலிகளில் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். பிறந்த குட்டிகளுக்கு எலும்பே இல்லை, வெறும் குருத்தெலும்புக் கூடுதான். மூச்சுவிட முடியாமல் இறந்தன.

இதெல்லாம் ஆய்வகக் கதைதானேன்னு நினைச்சுடாதீங்க. எஃப்ஓபி என்று ஓர் அரிய நோய். யூரிஸ்ட் முயலில் செய்தது, இந்த மனிதர்களுக்குத் தானாகவே நடக்கிறது. ஒரு சின்ன அடி பட்டாலும் தசை குருத்தெலும்பாகி, எலும்பாகிவிடலாம். வெட்டி எடுத்தால் இன்னும் வளரும். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹாரி ஈஸ்ட்லாக் இந்த நோயோடு வாழ்ந்து, கடைசியில் உதடு தவிர எதையும் அசைக்க முடியாமல், 1973-ல் 40 வயதுக்கு முன்பே இறந்தார். ஆய்வுக்காகத் தன் உடலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

2006-ல் அதே ஊரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. பிஎம்பி வந்து தட்டும் கதவுகளில் ஒன்றின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.

2023-ல் பாலோவரோட்டின் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. அது குருத்தெலும்புக் கட்டத்திலேயே வழியை அடைக்கிறது. சிக்கல் என்னன்னா, குழந்தைகள் உயரமாவதும் அதே வழியில்தான். மருந்து அந்த வளர்ச்சியையும் முன்கூட்டியே நிறுத்திவிடலாம். அதனால் 8 வயதுக்குக் குறைந்த பெண் குழந்தைகளுக்கும் 10 வயதுக்குக் குறைந்த பையன்களுக்கும் அனுமதி இல்லை.

உத்தரவு போடுவது யாரென்று இப்போது தெரியும். தேவையில்லாத இடத்தில் மட்டும் அதை நிறுத்துவது எப்படி? அடுத்த கட்டத் தேடல் அதுதான்.