மூன்று பேருக்கு ஒரு அலமாரி

எங்கள் விடுதி அறையில் மூன்று பேருக்கு ஒரே ஒரு அலமாரி. ஆளுக்கு ஒரு தட்டு. புத்தகம் வைத்தால் துணிக்கு இடமில்லை, துணி வைத்தால் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவுக்கு இடமில்லை. இதற்காகவே போன மாதம் ஒரு சண்டை, அறை நண்பனோடு நான்கு நாள் பேச்சு இல்லை.

விடுமுறையில் திருவண்ணாமலை போனபோது விரூபாட்ச குகைக்கு ஏறினேன். உள்ளே உட்கார்ந்ததும் தோன்றிய கேள்வி இதுதான்: இதற்குள் ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்தாரே, சாமான்களை எங்கே வைத்தார்கள்?

விடை 1896இல் தொடங்குகிறது. ரயில் செலவுக்காகக் கீழூரில் தன் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கிய பையன், அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்ததும் மிச்சக் காசை அய்யங்குளத்தில் எறிந்தான். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக் கொண்டான். ஆக, குகைக்குப் போகும்போது வைக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் கூட வந்து தங்கியவர்கள் இருந்தார்களே? அவர்கள் ஊருக்குள் பிச்சை எடுத்து வந்த உணவை அன்றே எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். நாளைக்கென்று எடுத்து வைத்தால்தானே பானையும் பரணும் வேண்டும்!

இருப்பதைப் பழுது பார்ப்பது அடுத்தது. மலையில் இருந்த காலத்தில் ரமணர் முள்ளை ஊசியாக்கி, துணியிலிருந்தே நூல் உருவி, கிழிசலைத் தைத்திருக்கிறார். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கிண்ணமும் கரண்டியும் செய்தார். பிற்காலத்தில் அச்சுத் தாள்களின் வெற்று ஓரங்களை வெட்டிச் சேர்த்து நோட்டாகத் தைத்ததும் அதே பழக்கம்தான்.

1916இல் அன்னை அழகம்மாள் மகனோடு தங்க வந்தார். இடம் போதாமல் கந்தாசிரமத்துக்கு மாறினார்கள். அங்கே அன்னை சமைக்க ஆரம்பித்தார். அடுப்பு வந்தால் பாத்திரமும் அரிசியும் வரத்தானே செய்யும்? 1922இல் அன்னை மறைந்தார். மலையடிவாரத்தில் அவர் சமாதி மேல் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ரமணர் அங்கேயே வந்து தங்கினார். இன்றைய ரமணாசிரமம் அப்படித்தான் தொடங்கியது.

இப்போது ஆசிரமத்தில் பூட்டும் சாவியும் உள்ள ஒரு அலமாரி இருந்தது. 1924 ஜூன் 26 இரவு திருடர்கள் வந்தார்கள். வேண்டியதை எடுத்துக் கொள்ளட்டும் என்று ரமணர் வெளியே வந்துவிட்டார். வாசலில் அவருக்கும் அடி விழுந்தது. அலமாரிச் சாவியோ குஞ்சு சுவாமியிடம், அவரோ உதவி தேடிப் போயிருந்தார். உடைத்துப் பார்த்தார்கள். மெல்லிய வெள்ளித் தகடுகள் சில, கொஞ்சம் அரிசி, சில மாம்பழங்கள். மொத்தம் பத்து ரூபாய் பெறும். வந்திருந்த ஒரு பக்தரின் 6 ரூபாயும் போயிற்று. திருடர்களால் நம்ப முடியவில்லை. பணம் எங்கே என்று திரும்ப வந்து மிரட்டினார்கள்!

எனக்கு இதில் உறைத்தது ஒன்று. குகையில் இருந்தவரை அவரிடம் பூட்டி வைக்க எதுவும் இருக்கவில்லை. பூட்டு வந்த பிறகு, உள்ளே ஏதோ இருக்கிறது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்க ஆரம்பித்தார்கள்.

அதற்காக ஆசிரமம் பொருளே சேர்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 1928இல் கூடம் எழுந்தது. 1930களில் மாட்டுத் தொழுவம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் வந்தன. நூறு பேருக்குச் சோறு போட அரிசி மூட்டை அடுக்கத்தான் வேண்டும். பக்கத்தில் பலாக்கொத்துவில் சாதுக்கள் சின்னச் சின்னக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். ரமணருக்கென்று இருந்தது மட்டும் கடைசிவரை கோவணம், கமண்டலம், கைத்தடி அளவில்தான்.

நாம் சாமியார் ஆக வேண்டாம் நண்பர்களே. ஆனால் விடுதிக்குத் திரும்பியதும் என் தட்டைக் கலைத்துப் பார்த்தேன். போன பருவத்துக் குறிப்பேடுகள் ஏழு, போடாத சட்டை மூன்று. முறுக்கு டப்பாவை அன்று இரவே திறந்து அறையில் எல்லோருக்கும் கொடுத்தேன். முதலில் கை நீட்டியவன் அந்த நண்பன்தான். டப்பா காலி, இடமும் கிடைத்தது.